ஹெட்போனில் மட்டும் கேட்கவும்

செல்போனில் பாட்டுக் கேட்கும் வசதி வந்த புதிதில், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்கு நானும் என் வீட்டுக்காரரும் போன் வாங்கப் போனோம். கடைக்காரர் என் தலையில் ஒரு பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டார்.

"கண்ண மூடிக் கேளுங்கக்கா. இது சும்மா ஸ்டீரியோ இல்ல, சரவுண்டு. ஹெலிகாப்டர் உங்களச் சுத்திச் சுத்தி வரும்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. வலது பக்கம் எறங்கிருச்சு. அங்கனயே நிக்குது."

அவர் சந்தேகத்தோடு ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிப் பார்த்தார். அவருக்குச் சுற்றியது. தலையை ஆட்டி ஆட்டி ரசித்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளக்கை எடுத்தார். அவரே பற்றவைத்து, கறுப்பு டேப் சுற்றிய பிளக். இடது வயரில் வருவதையும் வலது வயரில் வருவதையும் ஒன்றாகக் கலந்து இரண்டு காதுக்கும் அனுப்பும். அதைப் போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் செருகினார்.

"அண்ணே, இதப் போட்டா சரவுண்டும் போயிரும், ஸ்டீரியோவும் போயிரும். பழைய ரேடியோ மாதிரி ஆயிரும்ணே," என்றார் கடைக்காரர்.

"ஆகட்டும் தம்பி. அவுங்களுக்கு அப்படித்தான் முழுசாக் கேக்கும்."

எனக்கு வலது காது மட்டும்தான் கேட்கும். இடது காது ஆறு வயதில் போனது. பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் பணியாரமாக உப்பிக் கிடந்தபோது, அம்மா ஊர் வழக்கப்படி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டாள். வீக்கம் வடிந்ததும் சங்கிலியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். காதைத்தான் திருப்பி வாங்க முடியவில்லை.

ஒற்றைக் காதோடு வாழ்வது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை, எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். பஸ்ஸில் இடது வரிசை ஜன்னலோரம். பந்தியில் இடது கோடி. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது, முதல் வேலையாக மேசையைத் திருப்பிப் போட்டேன், எல்லோரும் என் வலது பக்கம் வரும்படியாக. நாலு வருஷம் அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது. வில்லாபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்த டேப் ரிக்கார்டருக்கும் ஒரே ஸ்பீக்கர்தான், இடது வலது எல்லாம் அதில் கலந்துதான் வரும். அதற்கு ஒரு வாய், எனக்கு ஒரு காது. நாங்கள் ஒருவருக்கொருவர் குறை சொன்னதே இல்லை.

அப்புறம்தான் கல்யாணப் பேச்சு வந்தது. வரனைக் கொண்டுவந்தது அத்தை, அப்பாவின் அக்கா. மாப்பிள்ளைக்கு வண்டியூர்ப் பக்கம், தெப்பக்குளத்தை ஒட்டின தெரு. பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்ட்.

"தங்கமான புள்ள. குடி கெடையாது, பீடி கெடையாது. பாட்டுப் பைத்தியம் மட்டும் கொஞ்சம் இருக்கு," என்றாள் அத்தை.

கொஞ்சம் என்றது அத்தையின் நல்ல மனசு. அந்த நாளில் ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்தால் பேஸ் நன்றாக வரும் என்று பல வீடுகளில் ஒரு பானை வைத்திருப்பார்கள். இவர் அறையின் நாலு மூலைக்கும் நாலு பானை வைத்து, அதைச் சரவுண்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "பொங்கலுக்குப் பானை தேடுனா எல்லாப் பானையும் பாடிக்கிட்டு இருக்கு," என்று அவருடைய அம்மா பெண் பார்க்க வந்த இடத்திலேயே புலம்பினார்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் அம்மாவிடம் கேட்டேன், காது விஷயத்தை யார் சொல்லப்போகிறீர்கள் என்று. அம்மா சீறினாள்.

"யாரும் சொல்லப்போறதில்ல. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? நாம ஒரு பொய்கூடச் சொல்லலையே. சொல்லாம இருக்கோம், அம்புட்டுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு, வருகிறவர் முன்னால் நானே சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிவைத்திருந்தேன். ஆனால் அவர் வந்தார், நகை, சீர் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில் என்னைப் பார்த்து, "பாட்டு கேப்பீங்களா?" என்றார். கேட்பேன் என்றேன். "எப்படிக் கேப்பீங்க?" என்றார். இந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. வேலை செய்துகொண்டே கேட்பேன் என்றேன். கொஞ்சம் யோசித்து, ரொம்ப அக்கறையாக, "அது ஒண்ணும் தப்பில்ல," என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடித்ததும் கோபமெல்லாம் பயமாகிவிட்டது. தெரிந்தால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று, அம்மாவைவிட இறுக்கமாக நான் வாயை மூடிக்கொண்டேன்.

வைகாசிக் கடைசியில் நிச்சயம். ஆவணியில் கல்யாணம். நடுவில் பார்க்கவோ பேசவோ கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் எழுதாத சட்டம். எங்கள் வீட்டில் போனும் கிடையாது. நிச்சயமாகி இரண்டு வாரம் கழித்து அத்தை ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். உள்ளே ஒரு வாக்மேன், ஹெட்போன், ஒரு கேசட். மாப்பிள்ளை கொடுத்துவிட்டாராம். கேசட் அட்டையில் அச்சு மாதிரியான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: ஸ்டீரியோ. ஹெட்போனில் மட்டும் கேட்கவும். தனியாக.

நான் சொன்ன பேச்சுக் கேட்கிற பெண். மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து, ஹெட்போனில் எல், ஆர் என்று போட்டிருந்ததைப் பார்த்து இடதை இடதிலும் வலதை வலதிலும் மாட்டிக்கொண்டேன். ஒரு தடவை மாற்றி மாட்டியிருந்தால் போதும், இந்தக் கதைக்கே இடமில்லை.

பாட்டு வந்தது. எங்கள் வீட்டு டேப்பில் கேட்டுப் பழகிய பாட்டுத்தான், ஆனால் என்னவோ இளைத்துப்போன மாதிரி இருந்தது. முதல் பாட்டு முடிந்தது. அடுத்தது வரும் என்று காத்திருந்தால் வரவில்லை. வெறும் இரைச்சல். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அதற்குள் எங்கேயோ தூரத்தில் எறும்பு பேசுகிற மாதிரி ஏதோ கேட்டது, டேப் பழசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அடுத்த பாட்டு. மறுபடியும் நீளமாக ஒரு வெற்றிடம். மூன்றாவது முறை பொறுமை போய் பார்வர்டு பொத்தானை அமுக்கினேன்.

கேசட்டின் இரண்டு பக்கமும் கேட்டாயிற்று. பையை உதறிப் பார்த்தேன், அட்டைக்குப் பின்னால் பார்த்தேன், ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பாட்டு அனுப்பத் தெரிந்த மனுஷருக்கு ஒரு வார்த்தை எழுதத் தெரியாதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் அத்தையிடம், "பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க," என்று சொல்லியனுப்பினேன்.

ஆனிக் கடைசியில் இரண்டாவது கேசட் வந்தது. அதே அட்டை, அதே எழுத்து. இதில் பாட்டே குறைவு, இரைச்சல்தான் அதிகம். ஒவ்வொரு வெற்றிடமும் மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். இத்தனை பானை வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறவருக்கு ஒரு கேசட்டை ஒழுங்காகப் பதியத் தெரியவில்லையே என்று எரிச்சல். இந்தத் தடவை அத்தையிடம் சொல்லியனுப்பியது இதுதான்: "நடுவுல சும்மா ரொம்ப இடம் விடுறாரு. டேப்பு வீணாப் போகுது. அதக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்கத்த."

அத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் போய்ச் சொன்னாளாம்.

மூன்றாவது கேசட் வரவில்லை. ஆடி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை மட்டும் வந்தாள், வெறுங்கையோடு. செம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"தம்பி, மாப்ள யோசிக்கிறாரு. பொண்ணுக்கு இஷ்டமில்ல போல, கட்டாயப்படுத்த வேணாம்ங்கிறாரு. ஏன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கிறாரு."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "காது விஷயம் தெரிஞ்சுபோச்சு மதினி. அதச் சொல்ல மனசு வராம இப்படிச் சொல்றாரு. எவ வாய் வச்சாளோ."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறைத்து வைத்ததற்குத் தண்டனை என்று நினைத்தேன். அதைவிட, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே வேண்டாம் என்றுவிட்டாரே என்கிற வலி பெரிதாக இருந்தது. வலி வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். வாக்மேனையும் கேசட்டையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, அந்த முதல் கேசட்டை எடுத்து எங்கள் ஒற்றை ஸ்பீக்கர் டேப்பில் போட்டுச் சத்தத்தை முழுசாகத் திருப்பினேன். தனியாகக் கேட்க வேண்டுமாம், ஹெட்போனில் கேட்க வேண்டுமாம். தெருவே கேட்கட்டும் என்றுதான் போட்டேன்.

பாட்டு முடிந்தது. எனக்குத் தெரிந்த வெற்றிடம் வந்தது. பார்வர்டு பொத்தானுக்குக் கையை நீட்டினேன்.

"நான்தாங்க பேசுறேன்," என்றது டேப்.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

"நல்லாருக்கீங்களா? இது இடது பக்கம் மட்டும் கேக்குற மாதிரிப் பதிஞ்சிருக்கேன். மணவறைல பொண்ணுக்கு இடது பக்கந்தான மாப்ள உக்காருவாரு. அங்கன உக்காந்து பேசுற மாதிரி இருக்கட்டும்னு." ஒரு இருமல். "என்னைப் பத்தி நாலு விஷயம் தெரிஞ்சுக்கங்க. எனக்கு நாயின்னா பயம். ரசம் நல்லா வைப்பேன். எங்கம்மாவுக்குக் கோவம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டாங்க, மூணாம் நாள் அவுங்களே வந்துருவாங்க. அந்த நாலு பானையில ரெண்ட வேணும்னா எடுத்துருவேன்."

அடுத்த பாட்டு தொடங்கியது. அது முடிந்ததும் மறுபடியும் அவர் குரல், இந்தத் தடவை கொஞ்சம் தாழ்வாக.

"உங்களுக்கு இதுல முழுச் சம்மதமா? வீட்டுல சொன்னாங்கன்னு ஒத்துக்கிட்டிருந்தீங்கன்னா எனக்குத் தெரியப்படுத்திருங்க. உங்க மேல பழி வராம நான் வெலகிக்கிறேன். சம்மதம்னா ஒண்ணும் பெருசாச் சொல்ல வேணாம். மூணாவது பாட்டு நல்லா இருந்துச்சுன்னு அத்தைகிட்டச் சொல்லிவிடுங்க. நான் புரிஞ்சுக்கிருவேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்து இரண்டாவது கேசட்டை மாற்றிப் போட்டார்.

"எல்லாப் பாட்டும் நல்லா இருக்குன்னு சொன்னீங்களாம். மூணாவதுன்னு தனியாச் சொல்லலன்னு அத்தை சொன்னாங்க. கூச்சமா இருக்கும், பரவால்ல. இன்னொரு தடவ கேக்குறேன்." அதற்கப்புறம் நாலு நிமிஷம் பேசினார். வேலை, தங்கை கல்யாணம், சின்ன வயதில் தெப்பக்குளத்துப் படியில் விழுந்து உடைத்துக்கொண்ட பல். கடைசியில் மறுபடியும் அதே கேள்வி.

"ஏத்தா," என்றாள் அத்தை. "இதுக்கா டேப்பு வீணாப் போகுதுன்னு சொல்லிவிட்ட? நானும் போய் அப்படியே ஒப்பிச்சேனே. அந்தப் புள்ள மூஞ்சி போன போக்கு இப்பல்ல எனக்கு வெளங்குது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டு கேசட் முழுக்க என்னோடு பேசிக்கொண்டிருந்த மனுஷரை நான் பொத்தானை அமுக்கி ஓட்டிவிட்டிருக்கிறேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்புத்தா," என்றார். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"சம்மதம்னு மட்டும் சொல்லிட்டு வா. காது விஷயம்..."

"அதச் சொல்லத்தான்மா போறேன்."

அம்மா உள்ளே போய் மல்லிகைப்பூவை எடுத்துவந்து என் தலையில் வைத்துவிட்டாள். "பூ வச்சுட்டுப் போ," என்று மட்டும் சொன்னாள்.

தெப்பக்குளத்தில் அப்போது தண்ணீர் இல்லை. உள்ளே நாலைந்து கூட்டம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா போய் அவரை வீட்டிலிருந்து அழைத்துவந்தார். வந்தவர் குளத்துச் சுவரில் எனக்கு இடது பக்கம், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். அப்பா கடலை வாங்கிக்கொண்டு இருபது அடி தள்ளிப் போய் உட்கார்ந்து, கிரிக்கெட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது பாட்டு நல்லா இருந்துச்சு," என்றேன்.

அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. பார்த்தால் மீதியைச் சொல்ல முடியாது என்று தெரியும்.

"இன்னொண்ணும் இருக்கு. கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. எனக்கு இடது காது கேக்காது. சுத்தமா. ஆறு வயசுலருந்து. பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கணும், பயந்துக்கிட்டுச் சொல்லல. நீங்க பேசுனது ஒரு வார்த்தகூட எனக்குக் கேக்கல. இன்னைக்கு மத்தியானம் எங்க வீட்டு டேப்புல போட்டப்பதான் கேட்டுச்சு. எல்லாருக்கும்."

பதில் வரவில்லை. வந்தும் எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று திரும்பினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்குமா?" என்றார்.

"அத்தைக்கும்."

"நாயின்னா பயம்னு சொன்னதுமா?"

"அதுவும்."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து விரலைப் பிரித்து, "அப்ப மூணாவது பாட்டுல இடது பக்கம் வருமே, அந்த வயலின்?" என்றார்.

"எந்த வயலின்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. காது கேட்காததற்கு வராத வருத்தம் அந்த வயலினுக்கு வந்துவிட்டது அவருக்கு. சட்டென்று எழுந்தார். போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முன்னால் சுற்றி வந்து, எனக்கு வலது பக்கம் உட்கார்ந்தார்.

"இம்புட்டு நாளும் தப்பான பக்கத்துல உக்காந்து பேசிட்டேன்," என்றார். அப்புறம் நான் கேட்காமல் விட்ட அந்த வயலினை வாயாலேயே எனக்கு வாசித்துக் காட்டினார். சுதி சேரவே இல்லை. அப்பா கடலையை மெல்வதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய அம்மா விஷயத்தைக் கேட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து, புடவை எடுக்க எப்போது போகலாம் என்று கேட்டார். கேசட்டில் சொன்னபடியேதான் நடந்தது.

ஆவணியில் கல்யாணம். மண்டபம் நிறைய ஆள். என்னை மணவறைக்குக் கூட்டிவந்து வழக்கப்படி அவருக்கு வலது பக்கம் உட்காரச் சொன்னார் ஐயர். அப்படி உட்கார்ந்தால் மாப்பிள்ளை என் கேட்காத காதுப் பக்கம். அரை மணி நேரம்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று நான் உட்காரப் போனேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"சாமி, அவுங்க எனக்கு இந்தப் பக்கம் உக்காரட்டும்."

"தாலி கட்டினப்புறம்தான் பொண்ணு இடப்பக்கம் வரணும். அதான் முறை."

"அவுங்களுக்கு அந்தக் காது கேக்காது சாமி. நான் பேசுறது கேக்கணும்ல."

மைக் பக்கத்தில் இருந்தது. அவர் சொன்னது மண்டபத்தின் நாலு ஸ்பீக்கரிலும் வந்தது. இருபது வருஷம் அம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்ததை முன்வரிசையிலிருந்து சாப்பாட்டுக்கூடம் வரைக்கும் எல்லோரும் கேட்டார்கள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். யாரோ குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்கள். அப்போது என் மாமியார் கையை உயர்த்தி ஐயரைப் பார்த்துச் சொன்னார்: "எப்படியும் இன்னும் அரை மணி நேரத்துல இடது பக்கம் வரப்போறவதான. இப்பவே உக்காரட்டும் சாமி. நேரம் போகுது."

உட்கார்ந்தேன். அவர் என் வலது பக்கம் இருந்தார். தாலியைக் கையில் எடுத்ததும் குனிந்து என் காதருகே ஏதோ கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் முழங்கியது. வலது காதிலும் மேளத்தைத் தவிர ஒன்றும் விழவில்லை. ஆனால் அவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"மூணாவது பாட்டு நல்லா இருந்துச்சு," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டார்.